ஷின்பெய் ஏரித் தூம்பு

அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் முழுக்க, தீவின் மலையூரான ஓகுதானியில் ஒரு பொட்டு மழை இல்லை. ஜூனில் கொட்டித் தீர்த்ததோடு சரி. அந்த ஜூன் தண்ணீரைத்தான் ஷின்பெய் ஏரி மடியில் வைத்துக்கொண்டு, முறை வைத்துக் கொடுத்தும் முக்கால் பாகத்துக்குக் குறையாமல் கிடந்தது. இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே அறுபது மீட்டர் நீளத்தில் ஒரு மண்கரை. அதற்குக் கீழே ஆறு குடும்பங்களின் நெல்வயல். வயலைத் தாண்டினால் வெங்காயம் கட்டித் தொங்கவிடும் கொட்டகைகள். அதற்கப்புறம் ஓடை மூன்று கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கி, மாருஹமா மீன்பிடி ஊரில் கடலைத் தொட்டது.

ஏரி ஊருக்குச் சொந்தமில்லை. கினுயோ வீட்டுக்குச் சொந்தம். அவளுடைய அப்பாவின் தாத்தா ஷின்பெய் கூடையில் மண் சுமந்து கட்டியது. வயலுக்குத் தண்ணீர் விடுவது, கரையில் வருஷத்துக்கு மூன்று தடவை புல் அறுப்பது, எலி வளையும் நண்டு வளையும் பார்த்து அடைப்பது, பெருமழை வருகிறதென்றால் முன்கூட்டியே தண்ணீரை இறக்கி வைத்துக் கீழ் ஊரைக் காப்பது எல்லாம் அந்த வீட்டு ஆளின் பொறுப்பு. பிப்ரவரியில் அப்பா கென்சாகு இறந்த பிறகு அந்த வீட்டில் ஆள் என்று இருந்தது ஐம்பத்தைந்து வயதுக் கினுயோ ஒருத்திதான்.

புருஷன் இருந்தான். இவாவோ என்று பெயர். மாருஹமாவில் இருந்தான்.

மாலையில் கரைமேல் நடக்கும்போது கிழக்கு முனைக்கு வந்ததும் அவள் நின்றுவிடுவாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு குன்றுகளுக்கு நடுவே கடல் ஒரு துண்டு தெரியும். கைக்குட்டை அளவு. குளிர்காலத்தில் கடற்பாசி வலைகளைப் பார்க்கப் போகும் படகுகள் அந்தக் கைக்குட்டையை இடமிருந்து வலமாகக் கடக்கும். எது அவனுடையது என்று இவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது. ஆனாலும் ஏழு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, மூன்றாவதாகப் போவது அவனுடையதுதான் என்று அவளாகவே முடிவு செய்துவைத்திருந்தாள். அது போய் மறைந்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவாள்.

இவாவோ மீனவக் குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை. கென்சாகுவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். கடலைவிட்டு வந்தவன் இருபத்து நான்கு வருஷம் வெங்காயமும் நெல்லும் பயிர் செய்தான். ஏரித் தண்ணீரை வெளியே விடும் தூம்பின் கண்களை அடைக்கிற கட்டைகளைச் சங்கிலியோடு புதுப்பித்துக் கொடுத்தவன் அவன்தான். குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் அதிகம் பேசிக்கொண்டதுமில்லை. எந்தக் குளிரிலும் பாதங்களைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்குவான். கினுயோ நடுவில் விழித்தால் இழுத்து மூடுவாள். இப்போதும் சில நாள் தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டி, வெறும் பாயைத் தடவிவிட்டுத் திரும்பிப் படுப்பாள்.

ஏழு வருஷத்துக்கு முந்தைய செப்டம்பரில் அந்தப் புயல் வந்தது. வெங்காய நாற்று விதை வாங்க நகரத்துக்குப் போயிருந்த இவாவோ வழியில் மழையில் மாட்டிக்கொண்டான். மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வண்டியை ஓரம் கட்டி வீட்டுக்குப் போன் போட்டான். "மேல் ரெண்டு கண்ணையும் இப்பவே உருவிடு கினு. தண்ணி இறங்கட்டும். நான் நேரா அம்மாகிட்டப் போறேன்." கினுயோ சொன்ன பதில் இதுதான்: "அப்பா வேண்டாம்கறார்."

வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டது. அவன் வண்டியை விட்டுவிட்டு மலையைச் சுற்றி நடந்து மாருஹமாவில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே தண்ணீர் புகுந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. இடுப்பு எலும்பு முறிந்து கீழ்த்தளத்தில் படுத்தபடுக்கையாகக் கிடந்த அவன் அம்மா தோமியால் எழுந்திருக்க முடியவில்லை; படகைக் கட்டப் போயிருந்த அண்ணனும் வீட்டில் இல்லை. எண்பது சென்டிமீட்டர் தண்ணீர்தான். நிற்கிறவனுக்குத் தொடை அளவு.

அந்த வெள்ளம் ஏரி வழிந்து வந்ததா, ஓடையே நிறைந்து வந்ததா என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. அளந்து பார்க்க வந்தவர்கள் மட்டும் ஒன்று சொன்னார்கள். ஏரி ஒன்றரை மீட்டர் இறங்கியிருந்தால் கீழே வெள்ளம் ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருக்கும்.

அம்மாவின் காரியங்கள் முடிந்த பிறகு இவாவோ மேலே வரவில்லை. சண்டை போடவில்லை, விவாகரத்துக் கேட்கவில்லை. அண்ணனின் படகில் போய்ச் சேர்ந்துகொண்டான். அண்ணன் ஒசாகாவில் மகன் வீட்டோடு போன பிறகு படகும் வீடும் அவனுக்கே ஆயின. "என் அம்மாவைவிட நெல்லைப் பெரிசா நினைச்ச மனுஷன் இருக்கற வீட்டுல நான் சாப்பிட மாட்டேன்," என்று ஒரே ஒரு தடவை யாரிடமோ சொன்னானாம். அது ஊருக்குள் சுற்றி ஏரிக்கரை வீட்டுக்கும் வந்தது. மாமனார் காரியத்துக்குக் கறுப்புக் கோட்டு போட்டு வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஊதுபத்தி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வருஷப் பிறப்பன்று காலையில் வாசல் சுவர்மேல் அவன் வளர்க்கும் கடற்பாசியைக் காயவைத்த தாள் ஒரு கட்டு இருக்கும். சீட்டு, கீட்டு ஒன்றும் இருக்காது. ஜூனில் கினுயோ ஒரு மூட்டை வெங்காயத்தைத் துறைமுகத்துக்குப் போகிற வண்டியில் ஏற்றிவிடுவாள். ஏழு வருஷமும் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி நகராட்சி அலுவலகத்திலிருந்து மினெகிஷி வந்தார். கழுத்தில் துண்டு, கையில் வெள்ள வரைபடம். தெற்கே பெரிய புயல் ஒன்று கிளம்பியிருப்பதாகவும், மூன்று நாளில் தீவுக்கு நேராக வரும் என்றும் சொன்னார்.

"முந்நூறு மில்லிமீட்டர்னு சொல்றாங்க. இப்ப இருக்கற நிலைமையில மூணு மணி நேரத்துல உங்க ஏரி நிறைஞ்சிடும். ஒன்றரை மீட்டர் இறக்கினா நல்லது."

"உத்தரவா?"

"ஐயோ, இல்லீங்க. ஏரி உங்களோடது. நாங்க கேட்டுக்கத்தான் முடியும்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வயல்காரங்க என்ன சொல்வாங்கன்னு எனக்கும் தெரியும். போன வீட்டுல ஒருத்தர் வாளியோட துரத்திட்டு வந்தார்."

"யாரு, தொகுமாரு-சானா?"

"பேர் சொல்ல மாட்டேன். ஆனா வாளியில தண்ணி இல்லை. வீணாக்க மாட்டாராம்."

கினுயோ சிரித்துவிட்டாள். அவர் போன பிறகு வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். நீல நிறம் ஓடை வழியாகப் போய் மாருஹமாவில் மொத்தமாகப் பரவியிருந்தது. துறைமுகத்திலிருந்து மூன்றாவது தெருவில், எது அவன் வீடு என்று விரலை வைத்துப் பார்த்தாள். விரலுக்கடியிலும் நீலம்தான்.

மறுநாள் காலை கடப்பாரையும் கையுறையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். உள்சரிவில் சாய்வாக இறங்குகிற தூம்பில் மேலிருந்து கீழாக ஐந்து கண்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டை, கட்டைக்கு ஒரு சங்கிலி. தண்ணீருக்கு மேலே நின்ற முதல் கண் ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. அடுத்த இரண்டை உருவ வேண்டும். சங்கிலியைக் கடப்பாரையில் சுற்றி, நெம்பத் தொடங்கும்போது பின்னால் செருமல் கேட்டது.

தொகுமாரு. எழுபது வயதுக்காரர். நீர்முறைக் குழுவின் தலைவர். அவருடைய வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்ததால் தண்ணீரைப் பற்றி எல்லாரையும்விட ஒரு படி கூடுதலாகக் கவலைப்படுவார்.

"என்ன செய்யறே கினுயோ-சான்?"

"பாத்தா தெரியலையா? தூம்பு திறக்கறேன்."

"கதிர்ல பால் புடிக்கிற நேரம். உனக்கு நான் சொல்லணுமா? வயல்ல பொறந்தவ நீ."

"இறக்கின பிறகும் ஒரு முறைக்குத் தண்ணி இருக்கும்."

"எங்களுக்கு மூணு முறை வேணும். மத்த ரெண்டு முறைக்கு என்ன பண்றது, நான் போய் வயல்ல ஒண்ணுக்கு இருக்கவா?"

"மழை வந்தா திரும்ப நிறைஞ்சிடும்."

"வரலேன்னா? இந்தப் புயலுங்களை உனக்குத் தெரியாது. இங்க வர்றேன்னு சொல்லிட்டு கொரியாவுக்குப் போய்ச் சேரும். போன வருஷம் அப்படித்தானே போச்சு?"

கினுயோ மறுபடியும் நெம்பினாள். கட்டை அசையவில்லை.

"உங்கப்பன் இருந்தா இப்படிச் செய்வானா?" தொகுமாரு ஒரு அடி இறங்கி வந்தார். "மருமகன் போன் போட்டுக் கத்தினப்பக்கூட அசையாத மனுஷன். ஊரே கொலைகாரன்னு பேசிச்சு. வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னானா? தண்ணியோட அருமை தெரிஞ்ச ஆம்பளை அவன்!"

கினுயோவின் கை நின்றுவிட்டது. திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு கடப்பாரையைத் தோளுக்கு முட்டுக்கொடுத்து மொத்த உடம்பையும் சாய்த்தாள். கட்டை சட்டென்று பிடுங்கிக்கொண்டு வர, கால் வழுக்கித் தண்ணீரை நோக்கிச் சரிந்தாள். தொகுமாரு பாய்ந்து அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்தார்.

"நீ விழுந்து செத்து அந்தப் பழியும் என் தலையில விழணுமா? ஏறு மேல!"

மேலே இழுத்து உட்காரவைத்தார். கரைக்கு அடியில் தண்ணீர் குழாய்க்குள் இரைந்துகொண்டு போகும் சத்தம் கேட்டது. கிழவர் குனிந்து அதற்குக் காதைக் கொடுத்தார்.

"மாருஹமாவுக்காகவா?" என்றார்.

"நாற்பது வீடு இருக்கு அங்க."

"நாற்பது வீடு." அவர் மூக்கைச் சிந்தினார். "உன் வீட்டுக்காரன் மூணு கிலோமீட்டர்ல இருக்கான். போய்ப் பாக்கறதுக்குப் பாஸ்போர்ட் வேணுமா உனக்கு? அதுக்குப் பதிலா என் தண்ணியை அனுப்பறே."

மூன்றாவது கண்ணையும் அவள் தனியாகத்தான் உருவினாள். அவர் உதவிக்கு வரவில்லை. போகவும் இல்லை. சரிவில் உட்கார்ந்து, தண்ணீர் மட்டம் விரல் விரலாக இறங்குவதைச் சாவுக்கு வந்தவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

புயல் வரவில்லை. செப்டம்பர் இரண்டாம் தேதி காலையில் மேற்கே திரும்பி, தொகுமாரு சொன்னபடியே கொரியாவைப் பார்த்துப் போய்விட்டது. தீவுக்கு வந்ததெல்லாம் அதன் காற்றுதான். ஒரு பகல் முழுக்க உப்போடு அனலாக வீசி, மிச்சமிருந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போனது. வெங்காயக் கொட்டகையின் தகரம் ஒன்று பறந்தது. மழை பத்து நிமிஷம் தூறியது. வாசலில் போட்டிருந்த பலகை நனைந்து, காய்ந்தும் விட்டது.

பிறகு வெயில். ஒரு முறைத் தண்ணீர் நான்கு நாளில் தீர்ந்தது. ஏரியின் அடியில் மிஞ்சியது வயலுக்கு உதவாத சேற்றுக் குழம்புதான். வாய்க்காலின் கடைசியில் தரை வெடிக்கத் தொடங்கியது. தொகுமாருவின் கதிர்கள் நிமிர்ந்து வெளுத்து நின்றன. பால் பிடித்திருந்தால் தலை சாய்ந்திருக்கும்.

யாரும் கினுயோவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கூட்டுறவுக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. எல்லாரும் ரொம்ப மரியாதையாக வணங்கினார்கள். அவள் தினமும் காலையில் ஆறு வயல்களின் வரப்பிலும் நடந்து, ஒவ்வொரு கதிராக நசுக்கிப் பார்த்துவிட்டு வருவாள்.

எட்டாம் தேதி தொகுமாரு யாரிடமும் சொல்லாமல் தன் சின்ன வண்டியை எடுத்துக்கொண்டு மாருஹமாவுக்குப் போனார். துறைமுகத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் போய் நின்று, இவாவோவைப் பார்த்துச் சொன்னாராம்: "உன் பொண்டாட்டி எங்க தண்ணியை எல்லாம் உங்க கடல்ல கொண்டுவந்து விட்டுட்டா. திருப்பிக் கொடு."

மறுநாள் விடியும்போது இரண்டு வண்டிகள் மேலே வந்தன. கடற்பாசி கழுவுகிற பெரிய பம்பு இரண்டு, சுருள் சுருளாக ரப்பர் குழாய், நான்கு ஆட்கள். வயல்களுக்குக் கீழே ஓடையில் ஒரு தடுப்பணை உண்டு. அதன் பின்னால் வற்றாத ஒரு மடு. அங்கே பம்பை வைத்து, குழாயை வரப்போடு இழுத்து, தண்ணீரை வாய்க்காலின் கடைசிக்கே ஏற்றினார்கள். இவாவோ மடுவில் இடுப்பளவு நின்று குழாயின் வாயைக் கூடையால் கட்டிக்கொண்டிருந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. கினுயோ அதைத் தூரத்திலிருந்தே கவனித்தாள்.

மூன்று நாள் பம்பு ஓடியது. மூன்று நாளும் கினுயோ சோற்று உருண்டை பிடித்து, கத்திரிக்காய் ஊறுகாயும் மிசோ விழுதில் வதக்கிய வெங்காயமும் வைத்து எடுத்துப் போனாள். முதல் இரண்டு நாளும் அவன், "நல்லது," என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டான். அவனோடு வந்த ஸென்டா என்கிற தடியன்தான் பேசுவான்.

"அண்ணி, உங்க கையால சாப்பிட்டுட்டு இவன் சமையலை எப்படிச் சாப்பிடறது? ஏழு வருஷமா ஒரே குழம்பு. மீனு மட்டும்தான் மாறும்."

"வாய மூடிட்டுத் தின்னுடா," என்பான் இவாவோ.

மூன்றாம் நாள் மதியம் மற்றவர்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள். இவாவோ பம்பின் பக்கத்தில் தனியாக இருந்தான். கினுயோ தேநீர்க் குவளையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். என்ஜின் காதை அடைத்தது. இந்தச் சத்தத்தில் சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அன்னிக்கு அப்பா வேண்டாம்னு சொல்லலை."

"என்ன?"

"அப்பா சொல்லலை."

"கேக்கலை. இரு." அவன் குனிந்து என்ஜினை நிறுத்தினான்.

மடு, வயல், மலை எல்லாம் ஒரேயடியாக ஓய்ந்துபோனது. எங்கோ ஒரு சில்வண்டு மட்டும். இனிமேல் மெதுவாகச் சொன்னாலே போதும்.

"நீங்க போன் பண்ணப்ப அப்பாவுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுத் தூங்கிட்டிருந்தார். நான் எழுப்பவே இல்லை. மழை, இருட்டு. கரை வழுக்கும். எனக்குப் பயமா இருந்துச்சு. பயமா இருக்குன்னு உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்பா வேண்டாம்கறார்னு வாயில வந்துடுச்சு."

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"நான் இறங்கிப் போய் உருவியிருக்கலாம். சங்கிலி போட்டு நீங்க லேசா பண்ணிவெச்சிருந்தீங்க. நான் போகலை. அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"மறுநாளே தெரியும். ஊர்ல எல்லாரும் அவரைச் சொல்றாங்கன்னதும் நான் அவர்கிட்டச் சொல்ல ஆரம்பிச்சேன். 'சூப் ஆறுது, குடி'ன்னார். அப்புறம் நான் எப்ப எடுத்தாலும் அதேதான்."

"சாகற வரைக்குமா?"

"சாகற வரைக்கும்."

இவாவோ தேநீரை எடுத்தான். குடிக்காமல் திரும்ப வைத்தான். கயிற்றை இழுத்து என்ஜினைக் கிளப்பினான். பிறகு மடுவில் இறங்கி, அடைபடாத கூடையை எடுத்து இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான். கினுயோ நின்று பார்த்தாள். அவன் திரும்பவில்லை. சாயங்காலம் பம்பை ஏற்றிக்கொண்டு போகும்போது தொகுமாருவிடம் மட்டும் தலையைக் குனிந்து விடைபெற்றான்.

பதிமூன்றாம் தேதி மழை வந்தது. நல்ல மழை. தொகுமாருவின் கடைசி வயலில் பாதி பதராகப் போனது. மற்றது பிழைத்தது. "பாதி போச்சு," என்றார் அவர், அறுவடையன்று. "முழுசும் போயிருந்தா ஆயுசுக்கும் உன்னோட பேசியிருக்க மாட்டேன். பாதிதான்கறதால பாதி பேசுவேன்."

முன்னோரை வணங்கும் இலையுதிர்காலச் சமஇரவு நாளுக்குக் கல்லறை கழுவ வாளியோடு மலையேறிய கினுயோ, அப்பாவின் கல் ஏற்கெனவே தேய்த்துக் கழுவியிருப்பதைப் பார்த்தாள். முன்னால், துறைமுகக் கடையில் விற்கிற கண்ணாடிக் கோப்பை மதுவில் இரண்டு. ஒன்று மூடியோடு, ஒன்று குடித்து முடித்த வெறும் கோப்பை. யாரோ இங்கே உட்கார்ந்து அப்பாவோடு குடித்திருக்கிறார்கள். அவள் வெறும் கோப்பையைக் கையிலெடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்று அங்கே எதுவும் வைத்திருக்கவில்லை.

அக்டோபர் போனது. நவம்பரும் பாதி போனது. வாசலில் காலடி கேட்டால் தபால்காரன். கிழக்கு முனையில் நின்று பார்த்தால், படகுகளில் மூன்றாவதாக எதுவும் போகாத நாட்களும் இருந்தன. அன்று இருட்டும் வரை நின்று பார்ப்பாள். மறுநாள் அந்தப் படகு போகும். எல்லாம் சொல்லித் தீர்த்தால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையத்தான் செய்தது. குறைந்த இடத்தில் அவன் நினைப்பு இன்னும் தாராளமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஏரியை அடியோடு வடித்துச் சேறு அள்ள வேண்டும். அந்த வருஷம் முறை. நவம்பர் கடைசி ஞாயிறு என்று கினுயோ நாள் குறித்தாள். இதற்கு மாருஹமாக்காரர்களும் வருவது வழக்கம். மலைச் சேறு ஓடை வழியே கடலுக்குப் போனால்தான் கடற்பாசி நல்ல கறுப்பாக வளரும் என்பது அவர்கள் கணக்கு. அப்பா காலத்தில் கடைசியாக வடித்தபோது இவாவோ மட்டும் வரவில்லை.

ஞாயிறு காலை, ஏரியை அடியோடு வடிக்க மட்டும் திறக்கிற அடித்தூம்பு திறந்தது. பன்னிரண்டு பேர் நெஞ்சுவரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். கரையில் சூப் கிண்டிக்கொண்டிருந்த கினுயோவுக்கு எல்லா முதுகும் ஒன்றுபோல இருந்தது. பிறகு ஒரு முதுகு நிமிர்ந்து, பலகையால் சேற்றைத் தள்ளிவிட்டு, இருபத்து நான்கு வருஷம் வயலில் அவள் பார்த்த மாதிரியே இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. கினுயோ கையிலிருந்த அகப்பையைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

மத்தியானம் வரை சேறு தள்ளினார்கள். கெண்டைகளைத் தொட்டியில் அள்ளினார்கள். ஸென்டா ஒரு விலாங்கைத் துரத்திக் குப்புற விழுந்தான்.

"பிடிச்சிட்டியா?" என்று கரையிலிருந்து தொகுமாரு கத்தினார்.

"அதுதான் என்னைப் பிடிச்சிடுச்சு!"

பன்றி இறைச்சியும் வெங்காயமும் போட்ட சூப் இரண்டு பானை காலியானது. இவாவோ தன் கிண்ணத்தை இரண்டாம் தடவை நீட்டினான். கினுயோ ஊற்றினாள். கிண்ணம் இரண்டு பேர் கையிலும் கொஞ்சம் அதிக நேரம் இருந்தது. அவ்வளவுதான்.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. ஏரியில் தண்ணீரென்று நடுவில் ஒரு கோடுதான். மற்றதெல்லாம் பளபளவென்று கறுத்த தரை. பலகைகளைக் கழுவி வண்டியில் அடுக்கினார்கள். இவாவோ கை கால் கழுவிக்கொண்டு நேராக அவளிடம் வந்தான்.

"வண்டியில ஏறு," என்றான்.

"எங்க?"

"எனக்குச் சொன்னே. மாமாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அம்மாகிட்ட யாரு சொல்றது? நீயே வந்து சொல்லு."

ஏப்ரனைக்கூட அவள் அவிழ்க்கவில்லை. முன்னால் இடமில்லாததால் ஸென்டா பின்னால் போய்ச் சேற்றுப் பலகைகள்மேல் உட்கார்ந்தான். "அண்ணிக்காகத்தான்," என்றான். "இவனுக்காகன்னா நடந்து வரச் சொல்லியிருப்பேன்." தொகுமாரு கரையில் நின்று வண்டி திரும்பும் வரை பார்த்தார்.

ஓடையோடு கூடவே பாதை இறங்கியது. பக்கத்தில் தண்ணீர் கலங்கி, அவர்களோடேயே கடலுக்கு ஓடிவந்தது. கல்யாணமான புதிதில் எத்தனையோ தடவை வந்த வழி. ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட வராத வழி.

வீட்டில் மீன் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் அடித்தது. பூஜை மாடம் மாடிக்கு மாற்றப்பட்டிருந்தது. கினுயோ அதன் முன்னால் மண்டியிட்டாள். தோமி போட்டோவில் ஒரு கண்ணைக் கொஞ்சம் சுருக்கிச் சிரித்தாள். வெயிலில் எடுத்தது போலிருக்கிறது. இவாவோ விளக்கை ஏற்றிவிட்டுக் கீழே போனான். படியில் காலடிச் சத்தம் பாதியில் நின்றதை அவள் கேட்டாள்.

"அத்தை," என்றாள். மறுபடியும், "அத்தை, கினுயோ வந்திருக்கேன்."

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். போன் வந்த நேரம், அப்பாவின் காய்ச்சல், மழைச் சத்தம், அடுப்பு. "உங்க பையன் வந்திருப்பான். அந்த ஒரு மணி நேரம் இருந்திருந்தா வந்திருப்பான். நான்தான் கொடுக்கலை," என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். ஆனால் போட்டோவைப் பார்த்ததும் அந்தச் சொல் போதாது என்று பட்டது. நெற்றி பாயில் படக் குனிந்து அப்படியே கிடந்தாள். அழுது முடிந்தபோது ஜன்னலில் வெளிச்சம் போயிருந்தது. கீழே எண்ணெயில் மீன் விழும் சத்தம் கேட்டது.

தாழ்ந்த மேசையில் இரண்டு பேருக்குச் சோறு வைத்திருந்தான். பொரித்த அயிலை, கடற்பாசிச் சூப், வெங்காயம் அரிந்து வினிகரில் போட்டது. ஸென்டா சொன்னது பொய்யில்லை. சூப்பில் உப்பு அதிகம். கினுயோ கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"கோபம் போயிடுச்சான்னு கேக்காதே," என்றான் இவாவோ, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே. "போகலை. சில நாள் காலையில எழுந்தா அப்படியே இருக்கு. மாமாவை நினைச்சா இன்னும் மோசம். அந்த மனுஷன் முகத்தைப் பாக்காம ஏழு வருஷம் இருந்திருக்கேன்."

"தெரியும்."

"ஆனா, பம்பைக் கழுவினப்ப, வலை கட்டினப்ப எல்லாம், அடுத்த தடவை கினுவைப் பாத்தா என்ன சொல்றதுன்னே யோசிச்சிட்டிருந்தேன். பொண்டாட்டி மேல வெறுப்பு இருக்கறவன் அப்படி யோசிப்பானா? எனக்கு விளங்கலை."

கினுயோ கிண்ணத்தில் மிச்சமிருந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். அவன் தேநீர் ஊற்றினான். வெளியே படகுகள் கயிற்றில் உரசிக்கொண்டன.

"அடித்தூம்பு எப்ப அடைக்கணும்?" என்று கேட்டான்.

"தரை காஞ்சு வெடிக்கணும். பத்து நாளாவது ஆகும்."

"அதுவரைக்கும் மேல என்ன வேலை உனக்கு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். வெங்காய நடவு முடிந்துவிட்டது. நெல் மூட்டை ஏறிவிட்டது. மழை பெய்தால் ஏற வேண்டிய கரைக்குப் பின்னால் தண்ணீரே இல்லை. ஏரி அவள் பொறுப்புக்கு வந்ததிலிருந்து காவல் காக்க வேண்டியது எதுவும் இல்லாத பத்து நாள் இப்படி வந்து வாய்த்ததில்லை.

"ஒண்ணுமில்லை," என்றாள்.

இவாவோ எழுந்து சுவர் அலமாரியின் கதவைத் தள்ளினான். அடியிலிருந்த இன்னொரு மெத்தையை வெளியே இழுத்தான். வருஷக்கணக்கில் மடிப்புக் கலையாதது. மூக்கை அதில் வைத்து முகர்ந்து, முகத்தைச் சுளித்தான்.

"ஒரே ஈர வாடை. இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ," என்றான். "நாளைக்கு வெயில்ல போடலாம்."